பிள்ளை சத்தம் போட்டாலும் வெளியே அனுப்பாத சபை எது? மாற்றுத்திறன் பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், வலிப்பு, இவற்றில் ஏதோ ஒன்றுள்ள பிள்ளையோடு ஞாயிறு காலை கிளம்பும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஐந்து வழிகள் உண்டு. பிறந்து வளர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அல்லது லுத்தரன் சபையிலேயே தொடரலாம். கத்தோலிக்கக் குடும்பமென்றால் சொந்தப் பங்கு இருக்கிறது. "எங்க பாஸ்டர்கிட்ட ஒரு தடவ கூட்டிட்டு வா, ஜெபிச்சா சரியாயிடும்" என்று பெரியம்மா கூப்பிடும் பெந்தெகொஸ்தே சபை இருக்கிறது. போதகர் இல்லாமல் மூப்பர்களே நடத்தும் அமைதியான பிரதரன் கூட்டம் இருக்கிறது. எதுவும் வேண்டாமென்று வீட்டில் யூடியூப் ஆராதனையோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு வழிதான்.

முதல் நாள் யார் சிரித்துக் கை கொடுத்தார்களோ அங்கே போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் வரவேற்பு எத்தனை மாதம் நீடிக்கும் என்பதைச் சபையின் போதனைதான் முடிவு செய்கிறது. விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம் என்று போதிக்கும் இடத்தில், ஒரு வருடம் கழித்தும் பேசாத பிள்ளை மெல்ல ஒரு சங்கடமாக மாறும். அடுத்து பெற்றோரின் விசுவாசம் விசாரணைக்கு வரும். முதல் நாள் சிரித்தவர்கள் கெட்டவர்களாகிவிட்டார்கள் என்று பொருளில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அங்கேதான் கொண்டுபோய் விடும். அதனால் பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் போதனை, அடுத்து கட்டடமும் ஒலியும், கடைசியில் ஆட்கள்.

போதனையைச் சோதிப்பது

எந்தப் பிரிவானாலும் அடிப்படைச் சோதனை ஒன்றே. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் சபை முழுமனதோடு ஏற்கிறதா? பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்லாத சபைகளும் உண்டு. அங்கே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். "இயேசுவின் நாமத்தில் மட்டும்" என்று பதில் வந்தால், அது திரித்துவத்தை ஏற்காத பிரிவாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நம் குடும்பங்களுக்கு இதற்கு மேல் மூன்று கேள்விகள் இருக்கின்றன. போதகரிடம் நேரில் கேட்க வேண்டியவை. வாட்ஸப்பில் கேட்டால் வசனம்தான் பதிலாக வரும்.

முதல் கேள்வி: "ஐயா, எங்க பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தான்னு யாராவது கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" யோவான் 9-இல் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்வி. இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்பது இயேசுவின் பதில். இந்த அதிகாரம் போதகர் வாயில் தானாக வந்தால் நல்லது. "மூதாதையர் சாபம்", "வம்சக் கட்டு", "குடும்பத்துல யாராவது விக்கிரகத்துக்கு நேர்ந்திருப்பாங்க" என்று பேச்சு திரும்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது மருந்து பற்றியது. "ஃபிட்ஸ் மாத்திரை தொடர்ந்து கொடுக்கறோம், பரவாயில்லையா?" இதற்குத் தயக்கமில்லாத "கொடுங்க" வர வேண்டும். தீமோத்தேயுவின் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லிப் பவுல் எழுதியது 1 தீமோத்தேயு 5:23-இல் இருக்கிறது. அவருடைய சொந்த முள் நீங்காமல் நின்றது 2 கொரிந்தியர் 12-இல் இருக்கிறது. வலிப்பைப் பிசாசு என்பவர்கள் மாற்கு 9-ஐ எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பையனுக்கு அசுத்த ஆவி இருந்தது என்றுதான் சுவிசேஷம் சொல்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மத்தேயு 4:24, பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்புள்ளவர்களை) திமிர்வாதக்காரரையும் தனித்தனியாக எண்ணுகிறது. வலிப்பெல்லாம் பிசாசு என்று சொல்ல வேதத்தில் இடமில்லை. இதில் வீண்வாதம் வேண்டாமென்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் மருத்துவம்தான். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து நிற்காமல் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. "மூணு நாள் உபவாசம், மாத்திரை வேண்டாம்" என்று சொல்லும் ஊழியர் எவ்வளவு அன்பானவரானாலும், அந்தச் சபை பட்டியலில் இருக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. "பேச்சு வராத, பாடம் ஒப்பிக்க முடியாத பிள்ளைக்கு ஞானஸ்நானமும் திருவிருந்தும் உண்டா?" பிரிவுக்குப் பிரிவு பதில் வேறுபடுவது இங்கேதான். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது இது தூரத்துப் பிரச்சினையாகத் தெரியும். பதினான்கு வயதில், கூடப் படித்தவர்கள் எல்லாம் முன்னே போய் முழங்கால்படியிட, இவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாளில்தான் உறைக்கும்.

சி.எஸ்.ஐ., லுத்தரன்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு எழுத்தில் ஒரு அமைப்புச் சட்டம் உண்டு. இரண்டு விசுவாசப் பிரமாணங்களையும் அது ஏற்கிறது. பிரசங்கத்தின் தரம் ஆயருக்கு ஆயர் மாறும். ஆராதனை முறைமை அப்படி மாறாது. தரங்கம்பாடி மிஷன் வழியில் 1919-இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் இது பொருந்தும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இந்த அச்சடித்த முறைமை பெரிய உதவி. அடுத்து எழுந்து நிற்பதா, உட்காருவதா, பாட்டா, ஜெபமா என்பது முன்கூட்டியே தெரியும். முறைமைப் புத்தகத்தைப் பார்த்து ஏழெட்டுப் படங்கள் கொண்ட ஒரு அட்டை தயாரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு படத்தைத் திருப்பிவிட்டால் போதும். "இன்னும் எவ்வளவு நேரம்" என்ற பதற்றம் பாதி குறையும். கடைசிப் படம் ஆசீர்வாதமாக இருக்கக் கூடாது. ஆசீர்வாதத்துக்குப் பிறகு கிடைக்கும் பிஸ்கட்டாகவோ வண்டிச் சவாரியாகவோ இருக்க வேண்டும்.

விடியற்கால ஆராதனை நடக்கும் சபையென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைவு, பாடகர் குழு இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. திருவிருந்து ஞாயிறுகளில் நடு ஆராதனையின் வரிசை இருபது நிமிடத்துக்கு மேலும் நீளும். முதல் வரிசையிலோ கடைசி வரிசையிலோ விடும்படி கோயில்பிள்ளையிடம் முந்தின நாளே சொல்லிவைக்கலாம்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, திடப்படுத்தல், அதாவது வளர்ந்த பிள்ளையைத் திருவிருந்தில் சேர்க்கும் சடங்கு. குழந்தை ஞானஸ்நானத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. திடப்படுத்தல் வகுப்பிலோ பிரமாணமும் பத்துக் கற்பனைகளும் கர்த்தருடைய ஜெபமும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும் என்பது நடைமுறை. மனப்பாடம் வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்பது, ஆம் இல்லை என்று கை காட்டவைப்பது போன்ற மாற்றுக்கு ஆயர் சம்மதிக்கலாம். வகுப்பு தொடங்கும் வாரத்தில் கேட்டால் "பேராயர்கிட்ட கேக்கணும்மா" என்று தள்ளிப்போகும். ஒரு வருடம் முன்னதாகவே பேச்சைத் தொடங்குங்கள்.

இரண்டாவது, மாற்றல். சில வருடங்களுக்கொருமுறை ஆயர் மாறுவார். அவரோடு நீங்கள் பேசிவைத்த ஏற்பாடெல்லாம் லாரியில் ஏறிப் போய்விடும். அதனால் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைப்பது, பிள்ளைக்கு ஓர இருக்கை, ஓய்வுநாள் பள்ளியில் துணை ஆசிரியர் என்று எது ஒத்துக்கொள்ளப்பட்டாலும் சபைக் கமிட்டியின் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி ஏறட்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் புது ஆயர் வந்த முதல் வாரத்தில் அந்த ஒரு வரிதான் உங்களுக்காகப் பேசும். கமிட்டித் தேர்தல் நடக்கும் காலத்தில் எதையும் கேட்காதீர்கள். நீங்கள் எந்தக் கட்சி என்றுதான் பார்ப்பார்கள்.

கத்தோலிக்கப் பங்கு

எழுதிய சட்டம் மிகத் தெளிவாக இருப்பது இங்கேதான். அதைத் தெரிந்துகொண்டு போகும் பெற்றோருக்குப் பேச்சு எளிது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 777-ஆம் சட்டம், உடலிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வதைப் பங்குத்தந்தையின் கடமையாக்குகிறது. 11-ஆம் சட்டப்படி, போதிய பகுத்தறிவுப் பயன்பாடு இல்லாதவரைத் திருச்சபை வகுத்த சட்டங்கள் கட்டுப்படுத்தாது. ஞாயிறு திருப்பலிக் கடனும் அவற்றில் ஒன்று; கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளை ஒரு ஞாயிறு வராவிட்டால் பாவமாகுமோ என்ற பயம் பெற்றோருக்கு வேண்டியதில்லை.

புதுநன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு வருவோம். "அவனுக்கு ஒண்ணும் புரியாதே" என்று வேதியரோ மறைக்கல்வி ஆசிரியரோ தட்டிக்கழித்தால், 2007-இல் வெளிவந்த திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் நற்கருணை பற்றிய ஊக்கவுரையின் 58-ஆம் எண்ணைக் காட்டலாம். அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்கள், தங்களோடு துணைவரும் குடும்பத்தின், சமூகத்தின் நம்பிக்கையிலும் நற்கருணையைப் பெறுகிறார்கள் என்று அது சொல்கிறது. விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அப்பத்தில் மிகச் சிறு துணுக்கே போதும். அதுவும் முடியாதென்றால் திராட்சை இரசம் மட்டும் கொடுக்க 925-ஆம் சட்டம் இடம் தருகிறது. உணவு ஒவ்வாமைக்காகக் கோதுமையை ஒதுக்கியிருக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது, குறைந்த அளவு குளூட்டன் உள்ளது செல்லும். அதற்கு ஏற்பாடு செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், முன்கூட்டியே சொல்லுங்கள்.

நடைமுறையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் தொடங்க நல்ல இடம் வாரநாள் காலைத் திருப்பலி. அரை மணி நேரம், நாற்பது ஐம்பது பேர், பெரும்பாலும் பாட்டில்லை. அங்கே பழகிய பிறகு ஞாயிறுக்கு மாறலாம். பெரிய பங்குகளின் குறை, யாருக்கும் யாரையும் தெரியாது. ஒரு மாதம் வராவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள். அதற்கு மருந்து அன்பியம். இருபது முப்பது குடும்பங்கள் வீட்டு முறை வைத்து ஜெபிக்கும் இடத்தில் பிள்ளையின் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஞாயிறன்று கோயிலில் அதே முகங்கள் பக்கத்தில் இருக்கும். கொடியேற்றம், தேர்பவனி நாட்களில் வெடி உண்டு. அந்த ஒன்பது பத்து நாட்களை விட்டுவிடுவதே மேல். தியான மையங்களின் குணமளிக்கும் கூட்டங்களை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவற்றின் சத்தமும் எதிர்பார்ப்பும் அடுத்து வரும் வகையைச் சேர்ந்தவை.

பெந்தெகொஸ்தே, தனிச் சபைகள்

இவர்களிடம் உள்ள நல்லதை மற்றப் பிரிவினர் ஒத்துக்கொள்வதே இல்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் என்றால் இரவு பத்து மணிக்கு டிபன் கேரியரோடு வருபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். தரையில் பாய் விரித்து உட்காருவதால் எழுந்து ஓடும் பிள்ளைக்கு இடமுண்டு. ஒருவன் உருண்டு புரண்டாலும் பெஞ்சில் முட்டிக்கொள்வதில்லை. எல்லோரும் சத்தமாகத் துதிக்கும் இடத்தில் ஒரு பிள்ளையின் கூச்சல் தனியாகக் கேட்காது. சத்தம் பிடிக்கும், கூட்டம் பிடிக்கும், ஆடப் பிடிக்கும் பிள்ளைக்கு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பிள்ளைகள் இப்படித்தான், இதைவிட மகிழ்ச்சியான இடம் கிடைப்பது அரிது.

அதே பாய், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் பெரும்பாடு. சம்மணமிட முடியாது, சாய்வில்லாமல் உட்கார முடியாது. சிறப்பு நாற்காலியை வீட்டிலிருந்து தூக்கிப் போக வேண்டும். ஆராதனை இரண்டரை மூன்று மணி நேரம் போகும். தகரக் கூரை போட்ட சின்ன ஹாலில் டிரம்ஸும் கீபோர்டும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் சேர்ந்தால், ஒலிக்குக் கூசும் காதுக்கு அது வதை.

போதனையில் சபைக்குச் சபை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற அமைப்புகளுக்கு எழுதிய விசுவாச அறிக்கையும், போதகருக்கு மேலே கேட்க ஆளும் உண்டு. ஒரே குடும்பம் நடத்தும் தனிச் சபையில் பாஸ்டர் சொன்னதே சட்டம். குறை சொல்ல அடுத்த படியே கிடையாது. அப்படிப்பட்ட சபையில் உள்ளூர் பாஸ்டர் நிதானமானவராகவே இருந்தாலும், விசேஷக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வரும் ஊழியர் மேடையிலிருந்து பிள்ளையைக் கூப்பிட்டு, தலையில் எண்ணெய் ஊற்றி, "அடுத்த வருஷம் இந்த மேடையில் நீ சாட்சி சொல்வாய்" என்று அறிவித்துவிடலாம். தொட்டாலே கூசும் பிள்ளைக்கு நாலு பேர் கை வைத்து அழுத்தும் ஜெபம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே பாஸ்டரிடம் முன்பே பேசி வாங்க வேண்டிய வாக்கு இரண்டு: எங்கள் அனுமதியில்லாமல் பிள்ளையை முன்னே கூப்பிடக் கூடாது, அவனைச் சாட்சியாக வைத்து வீடியோ எடுக்கக் கூடாது. தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இங்கே குழந்தை ஞானஸ்நானம் கிடையாது, குழந்தையைத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை உண்டு. அறிக்கை செய்த பிறகே முழுக்கு. அறிக்கை செய்யவே முடியாதவன் தேவனுடைய இரக்கத்தில் இருக்கிறான் என்று நிதானமான போதகர்கள் சொல்வார்கள். சிலர் தலையசைப்பையே அறிக்கையாக ஏற்று முழுக்குக் கொடுப்பதும் உண்டு. தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளையென்றால், தொட்டியின் ஆழமும் எத்தனை படி இறங்க வேண்டும் என்பதும் தெரிந்துகொண்டு ஒத்திகை பாருங்கள். பெற்றோருக்கும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால் பழைய சபையின் உறுப்பினர் பெயர் நீங்கலாம். அதோடு திருமணம், கல்லறைத் தோட்டத்தில் இடம் எல்லாம் கேள்விக்குறியாகும். பிள்ளைக்காகப் போகிறோம் என்ற அவசரத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை.

பிரதரன் கூட்டம்

வேதபாடம் ஆழமாக இருக்கும். இசைக்கருவி குறைவு, ஆட்கள் குறைவு. மூப்பர்கள் மாற்றலாகிப் போக மாட்டார்கள். ஒருமுறை சொன்னால் இருபது வருடம் நினைவிருக்கும். ஒலிக்குக் கூசும், ஆனால் தானாகச் சத்தம் போடாத பிள்ளைக்கு நல்ல இடம். சத்தம் போடும் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான இடம் இல்லை. அப்பம் பிட்கும் ஆராதனையில் ஒரு ஜெபத்துக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே நிலவும் மௌனத்தில் ஒரு முனகலும் கூரைவரை கேட்கும். கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை என்பதால் பிள்ளையைப் பற்றி மூப்பர்களிடம் பேசும் பொறுப்பு தகப்பன்மேல் விழும். அவர் வெளிநாட்டில் வேலை பார்த்தால் அம்மாவுக்குக் குரல் இல்லாமல் போகும்.

வீட்டிலிருந்தே

அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாத மாதங்களிலோ இது சரி. நிரந்தர வழியாக வேண்டாம். பிள்ளையை யாரும் அறியாமல் போய்விடுவார்கள். வீட்டில் இருக்கும் காலத்திலும் மாதம் ஒருமுறை ஆயர் திருவிருந்தோடும், ஃபாதரோ நற்கருணைப் பணியாளரோ நற்கருணையோடும் வருவார்களா என்று கேளுங்கள். முதியோர் வீட்டுக்குப் போவார்கள். கேட்டால் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள்.

கட்டடமும் ஒலியும்

முதல் தடவை பிள்ளை இல்லாமல் அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் போங்கள். போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்று இருக்கட்டும். அதன் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் எல்லாச் சபையிலும் ஒரே போனில் அளந்தால் ஒப்பிடப் போதும். உலகச் சுகாதார நிறுவனம் நிகழ்ச்சி அரங்குகளுக்கு 2022-இல் வகுத்த உச்ச வரம்பு 100 டெசிபல் (15 நிமிடச் சராசரி). சாதாரணக் காதுக்கே அதுதான் எல்லை. கூசும் காதுள்ள பிள்ளைக்கு 80-ஐத் தாண்டும் இடத்தில் காதுமூடி இல்லாமல் உட்கார வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் நேர்க்கோட்டை விட்டு, பின்பக்கம், நடைபாதை ஓரம், பக்கவாட்டுக் கதவுக்கு அருகில் இடம் பாருங்கள். மின்னி மின்னி எரியும் மேடை விளக்குகள் இருந்தால், ஒளியால் வலிப்பு வரும் வகைப் பிள்ளைக்கு அந்தச் சபை ஆகாது. நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னுவதே ஆபத்தான வேகம்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் வழக்கம் நம் ஊரில் உண்டு. காலில் ஸ்பிளிண்ட் (காலைத் தாங்கும் பிளாஸ்டிக் அச்சு) போட்ட பிள்ளை ஷூவைக் கழற்றினால் நடக்க முடியாது. வழுவழுப்பான டைல்ஸில் வெறும் பிளாஸ்டிக்கோடு நடந்தால் விழுவான். உள்ளே மட்டும் போட ஒரு தனி ஷூ வைத்துக்கொண்டு, "இது வெளிய போடாத ஷூங்க அண்ணே" என்று வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்து உட்காரும் சபையில் பதின்மூன்று வயதுப் பையன் அம்மா பக்கத்தில் உட்காரலாமா என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள். மகன் உயர்ந்து வளர்ந்த பிறகு இது வாராவாரம் முகச்சுளிப்பாக மாறும்.

சரிவுப்பாதை இருக்கிறது என்று சொன்னால் போய்ப் பாருங்கள். தேசிய வழிகாட்டு விதிகள் கேட்பது 1-க்கு 12 சரிவு. பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். பல சபைகளில் ஒன்றரை மீட்டரில் ஒரு சிமெண்டுச் சறுக்கல் கட்டி வைத்திருப்பார்கள். பைக் ஏற்றலாம், சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது கவிழும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பொதுக் கட்டடம் என்பதற்குள் சமயக் காரியங்களுக்கான தனியார் கட்டடங்களையும் சேர்த்திருக்கிறது. கமிட்டி "கோயிலுக்கு அதெல்லாம் கிடையாது" என்றால் இதை மெதுவாக நினைவூட்டலாம். கழிவறையில் மேற்கத்திய இருக்கை உண்டா, பெரிய பிள்ளைக்கு டயப்பர் மாற்றப் படுக்கவைக்க இடமுண்டா என்பதும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டியவை.

பிள்ளையைக் கூட்டிப்போகும் முறை

தொடக்கத்திலிருந்து உட்காரவைக்க முயல்வதுதான் எல்லோரும் செய்வது. இருபதாவது நிமிடத்தில் அழுகை, வெளியேற்றம். கோயில் என்றால் அழுதுகொண்டே வெளியே போகும் இடம் என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ஒரு வாரநாள் மாலை, காலியாக இருக்கும் கோயிலில் கால் மணி நேரம். அடுத்த ஞாயிறு கடைசிப் பாட்டுக்கும் ஆசீர்வாதத்துக்கும் மட்டும் போய், எல்லோரோடும் சேர்ந்து வெளியே வாருங்கள். நன்றாகப் போனால் அடுத்த வாரம் பத்து நிமிடம் முன்னதாக. இப்படிப் பின்னிருந்து முன்னே நீட்டினால் ஒவ்வொரு வருகையும் "முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்" என்ற வெற்றியில் முடியும்.

பிள்ளையைப் பற்றி அரைப்பக்கம் தமிழில் எழுதி ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைக்கும் வாசலில் நிற்பவருக்கும் கொடுங்கள். நோயின் பெயர் ஒரு வரி போதும். எது பிடிக்கும், எது பயம், கத்தினால் என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யக் கூடாது, வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி என்பவை எழுதுங்கள். வயதுக்குக் கீழான வகுப்பில் போட அனுமதிக்காதீர்கள். பதினொரு வயதுப் பையனை நாலு வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால், அவன் கை பட்டு ஒரு சின்னவன் விழும் நாளில் அவனுக்குக் கதவு மூடும். சொந்த வயது வகுப்பில், பக்கத்தில் ஒரு துணையாளர் இருக்கட்டும்.

துணையாளர் யாரானாலும் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. கழிவறைக்குப் பெற்றோரே கூட்டிப்போக வேண்டும். நல்லவர் என்ற பெயர் பாதுகாப்பு ஆகாது. அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்காக லார்ஷ் இல்லங்களைத் தொடங்கி உலகமே புனிதராகப் பார்த்த ஜான் வானியே, தம் ஆன்மிக வழிகாட்டலுக்கு வந்த பெண்களைத் துஷ்பிரயோகம் செய்ததை அந்த அமைப்பே 2020-இல் விசாரித்து வெளியிட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறையில் சொல்வது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். சபைக்குள் பேசித் தீர்க்கலாம் என்று எந்த ஆயரும் பாஸ்டரும் சொல்ல முடியாது. 1098-க்கும் அழைக்கலாம். "துணையாளர் விதி என்ன வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டதும் கோபப்படும் சபையைவிட, "இதுவரை இல்ல, நீங்களே எழுதிக் கொடுங்க" என்னும் சபை எவ்வளவோ மேல்.

எங்கள் கணக்கு

ஒலிக்குக் கூசும், ஒழுங்கு வேண்டும் என்ற ஆட்டிசப் பிள்ளைக்கு: சி.எஸ்.ஐ., லுத்தரன் விடியற்கால ஆராதனை அல்லது வாரநாள் திருப்பலி. சக்கர நாற்காலிப் பிள்ளைக்குப் பிரிவைவிடக் கட்டடம் முக்கியம். ஒரே பிரிவுக்குள் தரைத்தளக் கோயில் உள்ள அடுத்த சபைக்கு மாறுவதில் தவறில்லை. கூட்டமும் பாட்டும் விரும்பும் பிள்ளைக்கு மூன்று கேள்விகளிலும் தேறிய பெந்தெகொஸ்தே சபை. வலிப்புள்ள பிள்ளைக்கு மருந்து பற்றிய பதில் ஒன்றே தீர்ப்பு. ஐயம் வந்தால், பெரிய சபையைவிட நூறு குடும்பத்துக்குட்பட்ட சபையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். தனி அறை, கண்ணாடிச் சுவர், பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லாம் பெரிய நகரச் சபைகளில் இருக்கலாம். ஆனால் அந்த அறையே பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் இடமாகி, ஒரு வருடமாகப் பீடத்தையே பார்க்காத பிள்ளைகள் உண்டு. அறை இளைப்பாறப் போய்வரும் இடமாக இருக்க வேண்டும்.

எட்டு ஞாயிறுகள் கொடுங்கள். முதல் தடவை பிள்ளை கத்தும்போது திரும்பிப் பார்ப்பது மனித இயல்பு; அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஐந்தாவது தடவையும் "சிஸ்டர், தம்பிய கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா" என்று வந்தால், போதகரிடம் நேராகக் கேளுங்கள். அவர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு முன் இரண்டு வாக்கியம் சபைக்குச் சொன்னால் நிலைமை மாறும். சொல்ல மறுத்தால் எட்டு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சபை மாறுவதென்று முடிவானால் ஓசையில்லாமல் நின்றுவிடாதீர்கள். சந்தா பாக்கியைக் கட்டி ரசீது வாங்குங்கள். உறுப்பினர் மாற்றுக் கடிதம் கேளுங்கள். பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழ் இரண்டு பிரதி, முத்திரையோடு எடுத்துவையுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் புதுநன்மை, உறுதிபூசுதல் குறிப்புகள் திருமுழுக்குப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று அலுவலகத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெயரின் எழுத்து ஆதாரோடும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடும் ஒத்துப்போகவில்லையென்றால் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். பழைய பதிவேட்டைத் தேடித் தர உங்களை அறிந்த ஆள் அந்த அலுவலகத்தில் இருக்கும்போதே அது நடக்கும்.